மாமாவுக்கு நான் எழுதிக் கொடுத்த ஊர்

அரசாங்க விசாரணைக்குப் போகிற ஒருவருக்கு இரண்டு வகையில் உதவலாம். வழியில் ஒரு தேநீர் வாங்கிக் கொடுக்கலாம். அல்லது அங்கே என்ன பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கலாம். தேநீரால் யாரும் நாட்டை இழந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. நான் செய்தது இரண்டாவது உதவி.

பிற்பாடு முப்பத்து நான்கு வருடம் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தேன். எந்தப் படிவத்தை எத்தனை பிரதி எடுக்க வேண்டும், எதில் சமாதான நீதவான் கையெழுத்து வேண்டும், எந்த முத்திரை எந்த மூலையில் விழ வேண்டும் என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். (வீட்டில் யாரும் எழுப்புவதில்லை. சொல்லிவிடுவேன் என்ற பயம்.) ஆனால் நான் சொல்லப் போவது உத்தியோகம் கிடைப்பதற்கு முந்தைய கதை. அப்போது எனக்கு எந்த விதிமுறையும் தெரியாது. எல்லாம் தெரியும் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. இலங்கை மலைநாட்டில் உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் சின்னக் கிளாக்கர். வயது இருபத்தொன்று. தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, டவுன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்து, ஆபீசில் நாற்காலி பிடித்த முதல் ஆள் என்பதால் தோட்டம் முழுவதும் எனக்கு மரியாதை. அந்த மரியாதை என் தலைக்குள் போய்க் குடியேறிவிட்டது. அதற்கு மட்டும் பிரஜாவுரிமை கேட்டு யாரும் விண்ணப்பிக்க வேண்டியிருக்கவில்லை.

மற்ற எல்லோரும் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. இந்தியாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் இந்த நாட்டுப் பிரஜையாக வேண்டுமானால், இத்தனை வருடம் இடைவிடாமல் இங்கேயே இருந்தோம், இனியும் இங்கேதான் இருப்போம் என்று விசாரணையில் காட்ட வேண்டும். எங்கள் அப்பாவின் விண்ணப்பம் ஏற்கெனவே தேறியிருந்தது. அதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை. (அதனால்தான் தேறியது என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.) அடுத்து, அம்மாவின் தம்பி முத்துக்கருப்பன் மாமாவுக்கு நுவரெலியாவிலிருந்து அழைப்புக் கடிதம் வந்தது.

மாமா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற ஆள். படிப்பு கிடையாது. செவனம்மா அத்தையின் பெயரும் மூன்று பிள்ளைகளின் பெயரும் அதே விண்ணப்பத்தில் இருந்தன. மாமா தேறினால் ஐந்து பேரும் தேறுவார்கள். தவறினால் ஐந்து பேரும் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள். என்றைக்கு வேண்டுமானாலும், பார்த்தே இராத இந்தியாவுக்கு மூட்டை கட்டச் சொல்லலாம்.

கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, இதில் இரண்டு பலவீனங்கள் இருக்கின்றன என்று அறிவித்தேன்.

முதலாவது உண்மையான பலவீனம். மாமா ஒருமுறை கங்காணியோடு சண்டை போட்டுக்கொண்டு, தோட்டத்தை விட்டுப் போய்ப் பத்து மாதம் பட்டிப்பொலவில் ரயில் பாதை வேலை செய்திருந்தார். அந்தப் பத்து மாதமும் தோட்டத்துப் பேரேட்டில் அவர் பெயர் இல்லை. அப்போது இந்தியாவுக்குப் போயிருந்தாரோ என்று அதிகாரி சந்தேகப்பட இடமுண்டு. பட்டிப்பொலவில் வேலை வாங்கியவர் ஒரு கடிதம் கொடுத்திருந்தார். அதில் அவருடைய கைநாட்டு இருந்தது, தேதி இல்லை.

இரண்டாவது பலவீனத்தை நானே கண்டுபிடித்தேன். அது ‘ஊர்’ என்ற சொல்.

அந்தச் சொல்லைப் பற்றி நான் ஒரு குறிப்புப் புத்தகமே வைத்திருந்தேன். அகராதியில் ஊர் என்றால் மனிதர்கள் வாழும் இடம். எங்கள் லயத்தில் அது கடலுக்கு அந்தப்பக்கம், பாட்டன் கப்பலேறிய இடம். லயத்தில் பிறந்து லயத்தில் நரைத்த கிழவரும் ‘நம்ம ஊரு திருச்சிப் பக்கம்’ என்பார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த உத்தியோகத்தருக்கு, இருபது வருடம் மலையில் வேலை பார்த்தாலும் ஊர் என்பது வேலியும் பனையும் கிணறும் உள்ள ஒரு வளவு. சிங்களத்தில் அதே கேள்வியை ‘கம’ என்று கேட்பார்கள். ஆனால் யாழ்ப்பாணத்தவர் காதில் கமம் என்பது வயல் வேலை. எங்கள் வெள்ளைக்காரத் துரையோ பதினெட்டு வருடமாக இதே பங்களாவில் இருந்துகொண்டு, நாலு வருடத்துக்கு ஒருமுறை ‘ஹோம்’ போனார். இவை போதாதென்று, சிங்களக் கசாப்புக் கடையில் போய் ‘ஊரு’ என்றால் பன்றி இறைச்சியை எடுத்து வைப்பார்கள்.

ஆக, விசாரணையில் ‘உன் ஊர் எது?’ என்று கேட்டதும் மாமா பழக்க தோஷத்தில் ‘துறையூர்ப் பக்கமுங்க’ என்று சொல்லிவிடுவார். அதிகாரி ‘இவர் இந்தியாக்காரர்’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார். இதைத் தடுக்க ஒரே வழி, கேள்விகளையும் பதில்களையும் நானே எழுதி மாமாவை மனப்பாடம் செய்ய வைப்பது.

இங்கே மாமாவின் இன்னொரு முகத்தைச் சொல்லியாக வேண்டும். மாசி மாதம் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். சிவன் மன்மதனை எரிப்பார். அவன் மனைவி ரதி அழுவாள். அந்த ரதி மாமாதான். மீசையை வழித்துவிட்டுச் சேலை கட்டி வந்தால் பெண்களே பொறாமைப்படுவார்கள். வேஷத்தை ஐந்து வருடம் விடாமல் ஆடுவதாக நேர்ந்துகொண்டு, பிறகு விட மனமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தார். பாட்டையும் பேச்சையும் கூத்து வாத்தியார் சொல்லச் சொல்லக் காதால் வாங்கிப் பாடமாக்கியவர். காதில் ஒருமுறை விழுந்தது வாயிலிருந்து அப்படியே வரும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஆபீசுக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில் பாடம் நடந்தது. நான் படிப்பேன், மாமா திருப்பிச் சொல்வார்.

“உமது ஊர் யாது?”

“உமது ஊர் யாது?”

“கேள்விய நீங்க சொல்ல வேணாம் மாமா. பதில மட்டும் சொல்லுங்க.”

“சரி மாப்ள. ஆனா பாடம் பண்றப்ப ரெண்டு ஆள் பேச்சையும் சேத்துத்தான் பண்ணணும். மன்மதன் மறந்து நின்னா ரதிதான எடுத்துக் குடுக்கணும். இல்லாட்டி கூத்து நின்னு போகும்.”

இந்த வாக்கியத்தை நான் கவனித்திருக்க வேண்டும். நான் அப்போது என் செந்தமிழில் மயங்கியிருந்தேன். நான் எழுதியிருந்த பதில் இது: ‘அடியேன் பிறந்ததும் வளர்ந்ததும் இத்தோட்டமே. பிறிதோர் ஊர் அறியேன்.’ அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘இவ்விடத்தில் சற்று நிறுத்தி அதிகாரியை மரியாதையாகப் பார்க்கவும்’ என்று குறிப்பும் போட்டிருந்தேன். பட்டிப்பொல விஷயத்துக்கு ‘கேட்டால் மட்டும் சொல்லவும்’ என்று ஒரு குறிப்பு. எல்லாவற்றையும் உரக்கப் படித்தேன். இன்னின்னது அடைப்புக்குறிக்குள் இருக்கிறது என்பதை மட்டும் படிக்கவில்லை.

கடைசி ஞாயிறன்று அத்தை ஒரு புகைப்படத்தைக் கொண்டுவந்து காட்டினார். துரையின் மனைவி, துரைசாணி, எடுத்தது. ரதி வேஷத்தில் மாமா, தோளில் மாலை, மோவாயில் கை. பின்புறம் துரைசாணியின் கையெழுத்தில் மாதமும் வருடமும்.

“தம்பி, இது அவரு பட்டிப்பொலயில இருந்தப்ப வந்து ஆடினது. கொண்டு போவமா?”

நான் சிரித்தேன். சிரித்ததை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

“அத்தை, இது சட்டம். சேலை கட்டுன படத்தக் காட்டுனா மதிப்பாங்களா? வச்சிட்டு வாங்க.”

அத்தை படத்தை முந்தானையில் துடைத்து எடுத்துக்கொண்டு போனார்.

விசாரணை நாளன்று மாமா, அத்தை, நான் மூவரும் முதல் பஸ்ஸில் நுவரெலியாவுக்குப் போனோம். துரையின் உத்தரவுப்படி பேரேட்டைக் கொண்டு போகும் பொறுப்பு எனக்கு. மாமா கடன் வாங்கிய கோட்டுக்கு மேல் கம்பளி போர்த்தியிருந்தார். வழி முழுக்க அவர் உதடு அசைந்துகொண்டே வந்தது. நான் பெருமையோடு ஜன்னல் வழியாகக் கோவா என்கிற முட்டைக்கோசுத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதிகாரி சிங்களப் பெரியவர். மூக்குக்கண்ணாடி, கழுத்தில் மஃப்ளர், தீராத சளித் தடிமன். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணத்தவர், வெள்ளை வேட்டியில் ஒரு மடிப்புக் கலையவில்லை. மாமா சத்தியம் செய்தார். அதிகாரி கோப்பைத் திறந்து படிக்க ஆரம்பித்தார். படித்தார். மூக்கைச் சிந்தினார். கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி படித்தார்.

அறையில் ஒரு சத்தமும் இல்லை.

மாமாவின் முகத்தில் கவலை படர்ந்ததைப் பார்த்தேன். அது தனக்காகப் பட்ட கவலை அல்ல என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. மேடையில் எதிரே நிற்கிற ஆள் வசனத்தை மறந்துவிட்டுத் தவிக்கிறான். கூத்து நிற்கப் போகிறது. மாமா லேசாகக் குனிந்து, மிகவும் இரக்கத்தோடு, அதிகாரியின் குரலில் எடுத்துக் கொடுத்தார்.

“உமது பெயர் யாது?”

அதிகாரி நிமிர்ந்தார். மொழிபெயர்ப்பாளர் மாமாவைப் பார்த்தார்.

“நான் இன்னும் ஒண்டும் கேக்கேல்லையே.”

“பரவால்லைங்க. நான் எடுத்துக் குடுக்குறேன், நீங்க புடிச்சிக்கங்க” என்றார் மாமா. அப்புறம் நின்ற நிலையை மாற்றி, ஒரு மலைச்சரிவிலிருந்து மறு சரிவுக்குக் கேட்கிற கூத்துக் குரலில் தொடங்கினார்.

“உமது ஊர் யாது. அடியேன் பிறந்ததும் வளர்ந்ததும் இத்தோட்டமே. பிறிதோர் ஊர் அறியேன். இவ்விடத்தில் சற்று நிறுத்தி அதிகாரியை மரியாதையாகப் பார்க்கவும்.”

நிறுத்தினார். மரியாதையாகப் பார்த்தார். அதையும் குறை வைக்கவில்லை.

மொழிபெயர்ப்பாளர் அதிர்ச்சியில் தம் தொழிலை மட்டும் பிடித்துக்கொண்டார். சொன்னதைச் சொன்னபடி ஆங்கிலத்தில் ஒப்பித்தார், மரியாதையாகப் பார்ப்பது உட்பட. அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். பேனா தாளில் உரசும் சத்தம் எனக்குக் கேட்டது.

“இடைப்பட்ட பத்து மாதம் எங்கிருந்தீர். பட்டிப்பொலவில் இருப்புப்பாதை வேலை செய்தேன். கேட்டால் மட்டும் சொல்லவும்.”

பேனா நின்றது. அதுவரை அதிகாரிக்கு அந்தப் பத்து மாதத்தைப் பற்றித் தெரியாது. பேரேட்டைத் தம் பக்கம் இழுத்து, பக்கங்களைப் புரட்டி, முத்துக்கருப்பன் என்ற பெயர் இல்லாத மாதங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார்.

“ஆர் காணும் உமக்கு இதைப் படிப்பிச்சது?” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

மாமா நெஞ்சு நிமிர்ந்து என்னைக் காட்டினார். “எங்க அக்கா மகனுங்க. கிளாக்கர். எல்லாம் அவரு எழுதுனதுதாங்க.”

நல்ல புத்தியுள்ளவன் அந்த நேரத்தில் மயங்கி விழுந்திருப்பான். நான் எழுந்து நின்று ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தேன்.

ஐயா, இது பொய்ச்சாட்சி சொல்லிக் கொடுத்ததல்ல. ஒரு சொல்லின் ஆபத்திலிருந்து சாட்சியைக் காப்பாற்றியது என்று தொடங்கினேன். குறிப்புப் புத்தகம் முழுவதையும் அவிழ்த்தேன். எங்கள் துரையின் ஹோமைச் சொன்னேன். மொழிபெயர்ப்பாளரைக் கைகாட்டி, இவருடைய ஊரும் நுவரெலியா அல்ல என்றேன். கசாப்புக் கடைப் பன்றியையும் விடவில்லை. கடைசியில், “ஐயா, தாங்களும் சித்திரை வருடப்பிறப்புக்கு உங்கள் கமவுக்குத்தானே போவீர்கள்?” என்றேன்.

அதிகாரி கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

“இங்கே விசாரிக்கப்படுவது நான் அல்ல. நீ வராந்தாவில் நில்.”

வராந்தாவில் நின்றேன். ஜன்னல் திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது. அதுதான் தண்டனை. ஐந்து பேருடைய வாழ்க்கையை நான் இரண்டு தாளில் எழுதி முடித்துவிட்டேன் என்று தோன்றியது. மூத்தவளுக்கு அப்போது ஒன்பது வயது. அவள் முகம் வேறு வந்து வந்து போனது. 

உள்ளே அதிகாரி மொழிபெயர்ப்பாளரை விட்டுவிட்டு, ஊர் எங்கே என்று தாமே சிங்களத்தில் கேட்டார்: “கம கொஹேத?”

மாமா யோசிக்கவே இல்லை. தோட்டத்தின் பெயரைச் சொன்னார். பட்டிப்பொலவில் சிங்களக் கூட்டாளிகள் கேட்டபோதெல்லாம் அதைத்தான் சொல்லியிருக்கிறார்.

அதிகாரி கண்ணைக் காட்ட, மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார். “படிச்சதை விடும். உம்மட ஊர் எது?”

“துறையூர்ப் பக்கமுங்க.”

நான் வராந்தாத் தூணில் நெற்றியை வைத்துக்கொண்டேன்.

“அங்க போயிருக்கிறீரோ?”

“இல்லைங்க. அது எங்க அய்யா சொன்ன ஊரு. வாசல்ல வேப்பமரம் நிக்கும்னு சொல்வாரு. நான் வேப்பமரமே பாத்ததில்லைங்க. நம்ம பக்கம் குளுருக்கு அது வராதாம்.”

மொழிபெயர்ப்பாளர் இதை ஆங்கிலத்தில் சொல்லச் சிறிது நேரம் எடுத்தது. ஒரே கேள்விக்கு மாமா இரண்டு மொழியில் இரண்டு பதில் சொல்லியிருந்தார், இரண்டும் உண்மை. என் எழுத்துப் பிரதியில் அப்படி ஒரு வரிகூட இல்லை.

ஆனால் வேப்பமரம் பத்து மாதத்தை அடைக்காது. மாமா எடுத்து நீட்டிய பட்டிப்பொலக் கடிதத்தை அதிகாரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேதி இல்லாத கைநாட்டை வைத்துத் தாம் ஒன்றும் செய்ய முடியாது என்றார். கோப்பு மூடுகிற சத்தம் கேட்டது.

“தொரை, கொஞ்சம் பொறுங்க.” இது அத்தை.

எட்டிப் பார்த்தேன். அத்தை மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். அந்தப் புகைப்படம். நான் வேண்டாமென்ற அதே படம்.

அதிகாரி முன்புறம் பார்த்தார், பின்புறம் படித்தார், பேரேட்டில் பெயர் இல்லாத மாதங்களோடு ஒப்பிட்டார்.

“இது ஒரு பொம்பிளையெல்லோ?” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

“பொம்பள இல்லைங்க. இவருதாங்க. ரதி. நேந்துக்கிட்ட வேசம், இடையில விடக்கூடாது. அதுக்குன்னு பட்டிப்பொலயில இருந்து வந்து ஆடிட்டுப் போனாரு.”

அதிகாரி படத்தைப் பார்த்தார். எதிரே நின்ற மீசையைப் பார்த்தார். நம்பவில்லை.

“அழுது காட்டச் சொல்லலாமே” என்று மொழிபெயர்ப்பாளர் மெதுவாகச் சொன்னார். (மனிதர் எங்கேயோ ஒரு கூத்துக்குப் போயிருக்கிறார்.)

மாமா பதறிப் போனார். “அய்யோ, காப்புக் கட்டாம ரதி அழக்கூடாதுங்க. மாசியுமில்ல.” ஐந்து பேருடைய நாடு மேசைமேல் கிடக்கிறது, அவருக்குக் காப்புத்தான் முக்கியம். பிறகு கொஞ்சம் யோசித்து, “நடந்து வேணா காட்டுறேங்க. அதுக்குக் குத்தமில்ல” என்றார்.

கம்பளியை முக்காடாகப் போட்டுக்கொண்டார். அடுத்த நொடி அந்த அறையில் மாமா இல்லை. கடன் வாங்கிய கோட்டும் கறுத்த மீசையுமாகப் புதுப்பெண் ஒருத்தி, அலமாரிக்கும் மேசைக்கும் நடுவில் தலைகுனிந்து, அடிமேல் அடி வைத்து வந்தாள். பக்கத்து அறைக் குமாஸ்தாக்கள் வாசலில் கூடிவிட்டார்கள். பெண் மேசையருகே நின்று, மோவாயில் கை வைத்துக் கடைக்கண்ணால் அதிகாரியைப் பார்த்தாள்.

அதிகாரி அந்தக் கையைப் பார்த்தார். கவ்வாத்துக் கத்தி எப்போதோ வெட்டி, சுண்டுவிரல் வெளிப்பக்கம் வளைந்து கூடிப்போயிருந்தது. படத்தை எடுத்துக் கண்ணருகே வைத்தார். ரதியின் மோவாயில் அதே சுண்டுவிரல், அதே வளைவு.

பிறகு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளருக்கு அன்று முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

“இந்தியாவுக்குப் போன ஒருத்தன் சீலை கட்டுறதுக்கெண்டு இடையில திரும்பி வரமாட்டான் எண்டு ஐயா சொல்லுறார். கடிதத்தோட இதையும் சேர்த்தால் போதுமாம்.”

படத்தைக் கோப்போடு சேர்த்துக் குத்தி, முத்திரை வைத்தார்கள். ரதியின் காலடியில் அரசாங்க முத்திரை.

பேரேட்டை எடுத்துப் போக என்னை உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

“தம்பி, நீ அரசாங்க உத்தியோகத்துக்கு விண்ணப்பம் போடு. இருக்கிற காரியத்தைச் சிக்கலாக்குகிறவர்களுக்கு இங்கே எப்போதும் இடமுண்டு.”

போட்டேன், கிடைத்தது. மீதியை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

பஸ் நிலையத்தில் மாமா எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். “மாப்ள, ஒரு எடத்துலகூட தப்பு விடலல்ல?” என்று கேட்டார். இல்லை மாமா, ஒரு சொல்கூட விடவில்லை என்றேன். அத்தை தேநீரை ஊதி ஊதிக் குடித்தார். சில மாதம் கழித்துக் கடிதம் வந்தது. ஐந்து பெயரும் இருந்தன. அதை ஒரு சொல்கூடச் சேர்க்காமல் உரக்கப் படித்துக் காட்டினேன். அன்று இரவுதான் விசாரணை நாளுக்குப் பிறகு முதன்முதலாக ஒழுங்காகத் தூங்கினேன்.

பின்னாளில் எங்கள் லயத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்கு ரயிலேறின. அவர்களும் மாமாவைப் போல வேப்பமரம் பார்த்திராதவர்கள்தான். அவர்களிடம் ஒரு புகைப்படம் இல்லை. அல்லது எடுத்துக் காட்ட ஓர் அத்தை இல்லை. அதை நினைக்கும்போதெல்லாம், வராந்தாவில் நின்ற அந்தக் கால்மணி நேரம் திரும்பி வந்து, பிறகு மெல்ல இறங்கிப் போகும்.

எங்கள் குடும்பத்தில் மட்டும் என் இலக்கியம் அழியவில்லை. யாராவது கேட்காததற்குப் பதில் சொன்னால் ‘கேட்டால் மட்டும் சொல்லவும்’ என்பார்கள். என்னைப் பெண் பார்க்க அழைத்துப் போனபோது, பெண்ணின் அப்பா எதிரிலேயே மாமா அதைச் சொன்னார். நான் ஓய்வு பெற்ற அன்று நன்றியுரை நீண்டுகொண்டே போக, கடைசி வரிசையிலிருந்து என் மனைவியும் அதையே சொன்னாள்.

போன வருடம் கண் பரிசோதனைக்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். மாமாவின் மூத்த மகளும் துணைக்கு வந்திருந்தாள். அவளுக்கே இப்போது பேரன் இருக்கிறான். சீட்டு எழுதுகிற பெண் நிமிராமல், “ஐயாவுக்கு எந்த ஊர்?” என்றாள். எனக்குள் குறிப்புப் புத்தகத்தின் முதல் பக்கம் திறந்தது. வாயையும் திறந்தேன்.

“இவ்விடத்தில் சற்று நிறுத்தி அதிகாரியை மரியாதையாகப் பார்க்கவும்” என்றாள் மாமா மகள்.

நிறுத்தினேன். சீட்டு எழுதுகிற பெண்ணை மரியாதையாகப் பார்த்தேன். அவள் தானாகவே ‘நுவரெலியா’ என்று எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.